மதாம் ஓக்

அட, அழாதம்மா. இந்த ஆபீஸ்ல அழுது யாருக்கும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கார்டு கிடைச்சதில்ல. நான் அழுது பாத்தவ, அதான் சொல்றேன். இந்தா, டிஷ்யூ. கவுண்டர்ல இருக்கறவ நல்ல பொண்ணுதான். உள்ள இருக்கற பெரிய ஆபீசர்கிட்ட கேட்டுட்டு மறுபடி கூப்பிடறேன்னுதானே சொன்னா? கிளம்புன்னு சொல்லலியே? அப்ப பாதி ஜெயிச்சாச்சு. உக்காரு, பையைக் கீழ வை.

எப்படிக் கண்டுபிடிச்சேனா? இதுக்கு ஜோசியமா பாக்கணும்? கதவத் தொறந்ததும் நேரா கவுண்டருக்குப் போயி, மன்னிக்கணும், ஒரு சின்ன சந்தேகம்னு ஆரம்பிச்ச பாரு, அங்கயே தெரிஞ்சுபோச்சு இங்கிலாந்துப் பொண்ணுன்னு. மன்னிப்பெல்லாம் இங்க வேலைக்காகாது. முதல்ல போன்ஜூர், அதான் இவங்க வணக்கம். உள்ள நுழைஞ்சதும் உக்காந்திருக்கற எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு. கவுண்டருக்குப் போனா அங்க தனியா இன்னொண்ணு, மதாம் சேத்து. ரொட்டிக் கடை, டாக்டர், வண்டி ரிப்பேர், எங்க போனாலும் இதே கதைதான். வீடே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் ஃபயர் சர்வீஸுக்கு போன் போட்டு, போன்ஜூர் சொல்லிட்டுத்தான் எரியுதுன்னு சொல்லணும். சொல்லலைன்னா கோவப்படமாட்டாங்க. வழி தவறி மாடு ஒண்ணு உள்ள வந்துட்ட மாதிரி பாப்பாங்க, அவ்வளவுதான்.

பேரென்ன சொன்ன? ஜெம்மாவா. நான் கிளெண்டா. கிளெண்டா மெரிவெதர். நானும் இங்கிலாந்துதான், ராச்டேல் பக்கம். பத்தொன்பது வருஷமா இந்தப் பிரெஞ்சு நாட்டுல, பக்கத்துல சாந்-மார்க்கூங்கற கிராமத்துல இருக்கேன். நீ வந்து ரெண்டு மாசந்தானா? புதுக் கல்யாணம் போல, மோதிரத்தைத் திருகிக்கிட்டே இருக்க. என்னது, வயித்துல வேறயா? அடடா, அதான் இந்தக் கண்ணீரா. அப்ப கார்டு அவசரந்தான். கார்டு இல்லாம ஆஸ்பத்திரிப் படி ஏறினா ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கையிலேருந்து எடுத்து வைக்கணும்.

சரி, என்ன சொல்லித் திருப்பினா? பாஸ்போர்ட்ல ஒரு பேரு, பிறப்புச் சான்றிதழ்ல வேற பேரு, இந்த ரெண்டு பொம்பளைங்களும் யாருன்னாளா? எனக்குத் தெரியும், இதுவாத்தான் இருக்கும்னு. ரெண்டும் நீதான்னு உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாதே. நம்ம ஊர்ல கல்யாணமான மறுநாளே புருஷன் பேரை எடுத்து மாட்டிக்கிட்டு, பொறந்த பேரைத் தூக்கிக் கடாசிடறோம். இங்க பொம்பள எந்தப் பேரோட பொறந்தாளோ அந்தப் பேரோடயேதான் சாகணும். நடுவுல எத்தனை கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் சரி. புருஷன் பேரு வேணும்னா ஆசைக்குப் பக்கத்துல வெச்சுக்கலாம், செல்லப் பேரு மாதிரி. சட்டமே அப்படித்தான். உன் பொறந்த பேரு என்ன? திசில்வுட்டா? நல்ல பேருதான். எழுதி வெச்சுக்க, இந்த நாட்டைப் பொறுத்தவரைக்கும் நீ திசில்வுட்தான். உன் வீட்டுக்காரர் என்ன குதிச்சாலும் மாறாது.

அந்தச் சான்றிதழைக் காட்டு. இது நீ பொறந்தப்ப உங்கம்மா வாங்கினது இல்ல? செல்லாது. அசல்தான், யாரு இல்லேன்னா? மூணு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும். சிரிக்காத, நான் முதல்ல சிரிச்சுட்டுத்தான் அப்புறம் கத்தினேன். நான் ஒருதடவைதானே பொறந்தேன், மூணு மாசத்துக்கு ஒருக்க புதுசா பொறக்க முடியுமாம்மான்னு கேட்டேன். அப்ப கவுண்டர்ல இருந்தவ தோளைக் குலுக்கினா. அந்தக் குலுக்கல் இருக்கே, அதைப் பாத்துட்டா விஷயம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஊருக்கு எழுதிப்போட்டுப் புதுப் பிரதி வாங்கு. கோர்ட்ல பதிவு பண்ணின மொழிபெயர்ப்பாளர்கிட்டதான் பிரெஞ்சுல மாத்தணும். நீயா உக்காந்து மாத்தினா குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். கல்யாணச் சான்றிதழையும் சேத்து மாத்து. அதுல ரெண்டு பேரும் இருக்கும், அதுதான் பாலம். இன்னிக்கு அதைக் கொண்டாந்திருக்கியா? கொண்டாந்திருக்கியே! அதை எடுத்துக் கையில வெச்சுக்க. பெரியவர் மனசு வெச்சா அதைப் பாத்துட்டே ஒரு தற்காலிக நம்பர் குடுத்துருவார்.

நான் எதுக்கு வந்தேனா? அது இருக்கட்டும். முதல்ல உன் விஷயத்தை முடிப்போம்.

கரண்ட் பில்லு யார் பேர்ல இருக்கு? அவர் பேர்லயா? அவர் பேர்ல மட்டுமா? இன்னிக்கே வீட்டுக்குப் போயி உன் பேரையும் ஏத்தச் சொல்லு. நாளைக்கு இல்ல, இன்னிக்கே. இங்க கரண்ட் பில்லுல இல்லாதவ உயிரோட இல்லாதவ மாதிரி. லைப்ரரியில புக்கு எடுக்கணுமா, கரண்ட் பில்லு. பேங்க்ல கணக்குத் தொறக்கணுமா, கரண்ட் பில்லு. அவர் நல்லவராவே இருக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல. நல்லவரா இருக்கும்போதே ஏத்திக்க.

இன்னொண்ணு. பிரசவத்துக்குப் போறதுக்கு முன்னாடி உன் வீட்டுக்காரரை உக்கார வெச்சு, திசில்வுட், திசில்வுட்னு மனப்பாடம் பண்ண வை. ஏன்னு கேளு. இங்க வந்த புதுசுல எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்துச்சு. கையில பிளாஸ்டிக் பட்டை கட்டிவிட்டாங்க. என்ன பேரு போட்டிருந்தாங்க தெரியுமா? ஹாக். நான் பொறந்த பேரு. பாரு, இங்கிலீஷ்ல பன்னின்னு கேட்டதும் உனக்கே சிரிப்பு வருது. பள்ளிக்கூடத்துல என்னை ஒருத்தியும் கிளெண்டான்னு கூப்பிட்டதில்ல. பன்னி, பன்னிக்குட்டி, இதான். வாத்தியாரு அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என் பேரு வந்தா பின்பெஞ்சுலேருந்து உறுமல் சத்தம் வரும். கீத் வந்து கல்யாணம் பண்ணிக்கறியான்னு கேட்டப்ப எனக்கு முதல்ல காதுல விழுந்தது மெரிவெதர்தான். கீத் அதுக்கு அப்புறம்தான். அவ்வளவு அழகான பேரு! கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பாத்து ஒரு நோட்டுப் பூரா ரொப்பினேன். அவ்வளவும் பண்ணிட்டு இந்த நாட்டுக்கு வந்தா, கதவத் தொறந்ததும் மதாம் ஓக்! ஹ இவங்களுக்கு வராதுல்ல, முழுங்கிடுவாங்க. மதாம் ஓக், ரத்தம் எடுக்க வாங்க. மதாம் ஓக், பல்லைக் காட்டுங்க.

ஆமா, ஆபரேஷன். கீத் பூவெல்லாம் வாங்கிக்கிட்டு வந்திருக்கான். கீழ விசாரிச்சிருக்கான், மெரிவெதர்னு யாரும் இல்லைன்னுட்டாங்க. இவன் பூவோடயே வீட்டுக்குப் போயிட்டான். நான் மேல கதவைப் பாத்துக்கிட்டே படுத்துக் கிடக்கறேன். மறுநாள் வந்து சொல்றான், இல்லைன்னுட்டாங்களே, நான் என்ன பண்றதுன்னு. அப்ப நான் அவனை ஒரு வார்த்தை சொல்லல. ஆபீஸைத்தான் திட்டினேன். இப்ப யோசிச்சா ஆத்திரமா வருது. பத்து ரூமு இருக்கற ஆஸ்பத்திரி. இங்கிலீஷ்காரி ஒருத்திதான் படுத்திருக்கா. மாடி ஏறி ஒரு எட்டு எட்டிப் பாத்திருக்கலாம்ல?

அன்னிக்கு ஆரம்பிச்சதும்மா என் சண்டை. நான் பிரெஞ்சு ஒழுங்கா கத்துக்கிட்டதே இதுக்காகத்தான். மத்தவங்க ரொட்டி வாங்கக் கத்துக்கிட்டாங்க, நான் வாக்குவாதம் பண்ணக் கத்துக்கிட்டேன். இதே கோட்டைப் போட்டுக்கிட்டு, லிப்ஸ்டிக் பூசிக்கிட்டு வந்து நிப்பேன். நான் கல்யாணமானவ, எனக்குப் புருஷன் இருக்கான், அவன் பேரு எனக்கு வேணும்னு. நாலு ஆபீசர் மாறிட்டாங்க. ஒருத்தர் என் தலையைப் பாத்ததும் பின்பக்கமா டீ குடிக்கப் போயிடுவார். ஒரே ஒரு தடவை ஜெயிச்சேன். ரெண்டாவது வரியில, எறும்பு ஊர்ற மாதிரி சின்ன எழுத்துல மெரிவெதர்னு போட்டு ஒரு கடுதாசி வந்துச்சு. அன்னிக்கு நான் ஷாம்பெய்ன் வாங்கித் தொறந்தேன். அடுத்த வருஷம் அவங்க கம்ப்யூட்டரை மாத்தினாங்க, அந்த வரியும் போச்சு. திரும்ப முதல்லேருந்து. கீத் சோபாவுல சாஞ்சுக்கிட்டு சொல்லுவான், விடேன் கிளெண்டா, யாரு இதையெல்லாம் பாக்கப் போறாங்கன்னு. எவனுக்காக நான் தொண்டை கிழியக் கத்தறேனோ, அவனே அப்படிச் சொன்னா எப்படி இருக்கும் சொல்லு.

மணி என்ன? பன்னெண்டு ஆகப் போகுதா? கூப்பிடுவா, கூப்பிடுவா. பன்னெண்டு அடிச்சா ஷட்டரை எறக்கிடுவாங்க, ரெண்டு மணிக்குத்தான் தொறப்பாங்க. நடுவுல நீ கதவைத் தட்டினாலும் ஒருத்தரும் திரும்பமாட்டாங்க. அவங்க சாப்பாட்டுல கை வைக்க முடியாது.

மறுபடியும் கேக்கற பாரு. நீ விடமாட்ட. என் வேலை காலையில ஆபீஸ் தொறந்ததுமே முடிஞ்சுபோச்சும்மா. சும்மாதான் உக்காந்திருக்கேன்.

கீத் போயிட்டான். சாகல, சாகல, அப்படிப் பாக்காத. செப்டிக் டேங்க் சரியா இருக்கான்னு சோதனை பண்ண பஞ்சாயத்துலேருந்து ஒரு அம்மாவை அனுப்பினாங்க, அவளோட போயிட்டான். நீங்க வீடு வாங்கினா உங்களுக்கும் வருவாங்க, நீயே கூட நின்னு காட்டு. இவனுக்கு பிரெஞ்சுல போன்ஜூரும் பியரும்தான் தெரியும். ரெண்டு பேரும் உக்காந்து என்னத்தைப் பேசிக்கறாங்களோ, எனக்குப் புரியல. போன வாரம் விவாகரத்து வந்துருச்சு.

சரி, அவனே இல்ல, அவன் பேரு எனக்கெதுக்குன்னு கிளம்பினேன். இத்தனை சண்டையில எந்த ஃபைல்லயாவது ஒட்டிக்கிட்டிருக்கும், அதை அடிச்சு எடுக்க வைக்கணும், எத்தனை மாசம் இழுத்தடிப்பாங்களோன்னு ரெண்டு நாளா வாக்கியம் வாக்கியமா தயார் பண்ணினேன். லிப்ஸ்டிக் பூசினேன். அந்தப் பொண்ணு என் தீர்ப்பை வாங்கினா, கம்ப்யூட்டரைப் பாத்தா, மறுபடி பாத்தா. எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல மதாம், இங்க உங்க பேரு மட்டுந்தானே இருக்குன்னா. அவ்வளவுதான். பத்தொன்பது வருஷமா நான் அவனை உள்ள தள்ளப் பாத்தேன், இவங்க ஒரு எழுத்தைக்கூட உள்ள விடல. ஒரே ஒரு சண்டையாவது குடுத்திருக்கலாம். ஒரு ஃபாரமாவது இல்லைன்னு சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாம். போன்ஜூர்னா, பாத்தா, முடிஞ்சுதுன்னா. முப்பத்தாறு வருஷ கல்யாணம்மா. இந்தக் கவுண்டர்ல அது நடந்த மாதிரியே இல்ல.

ஐயோ, நீ எதுக்கு இப்ப அழற? உன் அழுகையை நிறுத்தத்தானே நான் பேச ஆரம்பிச்சேன்.

கூப்பிடறா பாரு. தீஸ்லூட், தீஸ்லூட்னு கத்தறாளே, அது வேற யாரும் இல்ல, நீதான். எந்திரி. கல்யாணச் சான்றிதழை மேல வெச்சுக் குடு. பையை இங்கயே விட்டுட்டுப் போ, நான் எங்கயும் போகல.

இரு, இரு. வரும்போது அவகிட்ட ஒண்ணு கேட்டுட்டு வரியா? சாந்-மார்க்கூ போற பஸ்ஸு எங்க நிக்கும், எத்தனை மணிக்கு வரும்னு. காலையில பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போற வழியில எறக்கிவிட்டார். காரை அவன் எடுத்துக்கிட்டுப் போயிட்டான். இத்தனை வருஷத்துல இந்த ஊரு பஸ்ல நான் ஏறினதே இல்ல. நானே கேக்கலாம். காலையில அவ, வேற ஏதாவது உதவி வேணுமா மதாம்னு கேட்டா. எனக்கு எல்லாம் தெரியும்னு சொல்லிட்டு வந்து உக்காந்துட்டேன்.