உள்ளே விழுந்த புள்ளி

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் டவுன் பஸ். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்த இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில். ரெட்டை ஜடைக்காரி சொன்னது காதில் விழுந்ததும் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

“கேள்வியே தப்புடி. அதயே பதிலா எழுதிட்டு வந்துட்டேன்.”

“எந்தக் கேள்வி?” என்றாள் கண்ணாடி போட்டவள்.

“ரெண்டு தொடுகோடு வரையறது. வட்டம் போட்டு, மையத்துலேர்ந்து அஞ்சு சென்டிமீட்டர்ல புள்ளி வெச்சா, அது வட்டத்துக்கு உள்ள கீது. உள்ள கீற புள்ளிலேர்ந்து எந்தக் கோடு போட்டாலும் வட்டத்த ரெண்டு எடத்துல வெட்டிக்கினு போவும். சும்மா தொட்டுட்டுப் போவாது. அத்த அப்படியே எழுதிட்டேன்.”

“காம்பஸ்ல எவ்ளோ வெச்ச?”

“ஆறு.”

“ஆறு விட்டம்டி லூசு. ஆரம் மூணுதான். மூணு வெச்சிருந்தா புள்ளி வெளிய வந்திருக்கும்.”

ரெட்டை ஜடை கேள்வித்தாளை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

“அந்த எட்டு மார்க் வந்தாதான்டி நான் பாஸு. ஃபெயிலானா எங்க நைனா கம்பெனி வேலைக்கு அனுப்பிடுவாரு.”

“தெரியும்.”

“ஆனா நான் எழுதுனது கரெக்ட்தானே? உள்ள இருந்தா போட முடியாதுல்ல?”

“முடியாது. உன் வட்டத்துக்கு அது கரெக்ட்டு. அவங்க கேட்ட வட்டம் வேறடி.”

ரெட்டை ஜடை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“புள்ளி மட்டும் வெளிய இருந்திருந்தா எனக்கு வரையத் தெரியும்,” என்றாள். “ரெண்டு கோடும் ஒரே நீளத்துல வரும். நான் போட்டுப் போட்டுப் பாத்துருக்கேன்.”