பேனாவின் மூடி

தூங்குகிறவர்களைத் தொட்டு எழுப்புவது எனக்குப் பிடிக்காது. ஆனால் சர்க்கரையை வெறும் வயிற்றில்தான் பார்க்க வேண்டும். அந்த முதியோர் இல்லத்தில் பதினொரு பேருக்கு, தினமும் காலை ஆறு மணிக்கு, விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பது என் வேலை. ஏழு வருடம் செய்தேன்.

இல்லத்தில் தரும் ஊசி ஒருமுறை குத்தியதும் மஞ்சள் டப்பாவில் போட்டுவிட வேண்டியது. ஆளுக்கு ஒன்று. நல்ல விதிதான். ஆனால் அது ஆழமாக இறங்கும், மறுநாள் வரை விரல் வலிக்கும். அதனால் என்னிடம் சொந்தமாக, விரலில் குத்துகிற பேனா ஒன்று இருந்தது. ஸ்பிரிங் வைத்தது; எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று திருகி வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் ஊசியை ஒவ்வொருவருக்கும் மாற்றினேன். மாற்றாதது மூடி மட்டும். விரலில் அழுந்துவது அந்த மூடிதான்.

மூன்றாம் அறைக்கு ஒரு வாத்தியார் வந்தார். கல்லீரலைக் கெடுக்கும் கிருமி அவர் ரத்தத்தில் இருப்பது கோப்பின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதியிருந்தது. அப்படிப்பட்டவரைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். அவரோ ஐந்து மணிக்கே எழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

"லேட்டா வந்தா முட்டி போட வெச்சிடுவேன் சிஸ்டர்."

"எனக்கு முட்டி வலி சார்."

"அப்ப பெஞ்சு மேல ஏறுங்க."

காத்திருக்கிறாரே என்று அவரைத்தான் முதலில் பார்ப்பேன். அடுத்து எதிர் அறையில் இருந்த தையல்காரம்மா.

"நாப்பது வருஷம் ஊசி குத்துன வெரலு இது," என்பார். "நீங்க குத்துனா தெரியவே மாட்டேங்குது. அந்தப் பகல் சிஸ்டர் குத்துனா உயிரு போயிட்டு வருது."

"காலங்காத்தால ஐஸ் வெக்காதீங்கம்மா."

"நெசமாத்தான். பேத்தியோட கவுன் பாதியில நிக்குது. இந்த வெரலு மரத்துப் போச்சுன்னா யாரு தைக்கிறது?"

வாத்தியார் வந்த நான்காம் மாதம் தையல்காரம்மாவின் கண்கள் மஞ்சளாயின. மாத்திரையின் விளைவாக இருக்கும் என்றார் மருத்துவர். பதினைந்து நாள் கழித்து ஒன்பதாம் அறைக்காரருக்கும் அப்படியே ஆனது. இருவரின் பரிசோதனைத் தாள்களும் என் கை வழியாகத்தான் கோப்புக்குப் போயின. வாத்தியாருக்கு இருந்த அதே கிருமி.

அன்று மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உட்புறம் பழுப்பாக ஒரு வட்டம் காய்ந்திருந்தது. சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து, மறுநாள் காலை திரும்பவும் எடுத்துப் போனேன். திடீரென்று நிறுத்தினால் எல்லாரும் வலிக்கிறது என்பார்கள். இத்தனை நாள் எதில் குத்தினாய் என்று கேள்வி வரும்.

தையல்காரம்மா இரண்டு மாதம் படுத்திருந்து இறந்துபோனார். கவுனை மகள் அப்படியே மடித்து எடுத்துப் போனாள். விசாரணைக்கு வந்த நீங்கள் எல்லாருக்கும் பரிசோதனை செய்தபோது இன்னும் நான்கு பேருக்குத் தொற்றியிருந்தது. அதில் இரண்டு பேர் நான் மூடியைக் கழற்றிப் பார்த்த பிறகு இல்லத்தில் சேர்ந்தவர்கள். அதை மறுக்க முடியாது.

பகல் நர்ஸை வேலையிலிருந்து நிறுத்தினீர்கள். அவள் கையுறை மாற்ற மறப்பவள் என்று நான் சொன்னேன். பொய் சொல்லவில்லை. மறப்பாள்.

கடைசியாக என் தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். மூடியைக் கழற்றிப் பார்த்த மூன்றாம் வாரம், கால் முறிந்து எங்கள் இல்லத்தில் இருபது நாள் தங்கினான். அவனுக்கும் சர்க்கரை உண்டு.

"ஊருக்கெல்லாம் வலிக்காம குத்துறியாம். எனக்கு மட்டும் ஏங்க்கா இந்தக் குத்து? சின்ன வயசுல உன் பொம்மைய உடைச்சதுக்கா?"

"வாய மூடிட்டு வெரல நீட்டுடா."

இதை அவனே உங்களிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். ஆமாம், அவனுக்கு நான் பேனாவை எடுக்கவில்லை. தினமும் இல்லத்து ஊசியில் புதிதாக ஒன்றைப் பிரித்தேன். புதுக் கையுறை போட்டேன். குத்தியதும் ஊசியை மஞ்சள் டப்பாவில் போட்டேன். அவன் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. விதிப்படி வேலை செய்யத் தெரியாதவள் என்று என்னைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்திவிடுங்கள்.