ஒரு குழி

மதுரைவீரன நான் கடைசியா உசுரோட பாத்தது, இதோ நீங்க கார நிறுத்தியிருக்கீங்க பாருங்க, அதுக்கு நேர் கெழக்காலதாங்க சார். சொல்றேன், சொல்றேன், நீங்க எடுக்க வந்த போட்டோ எங்க ஓடிப்போவுது? இங்க கட்டப்போற உங்க கம்பெனி நோட்டீச நானே எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டேன். கீழ கடை, மேல வூடு. உள்ளூர் ஆளுவளுக்குப் பத்துக் கடை, எரநூறு பேருக்கு வேல, ஆஸ்பத்திரி, பஸ்சு நிக்க எடம். நல்லதுதாங்க, நான் எங்க இல்லன்னேன்? அந்த ஆஸ்பத்திரி அன்னைக்கே இருந்திருந்தா எம்பொண்டாட்டி வேம்பு பெரம்பலூருக்குப் போற வழியில வண்டிலயே போயிருக்க மாட்டா. பத்துக் கடைல ஒண்ணு எம்மக சத்யாவுக்கு. தையக்கடை. பேரெல்லாம் வச்சிட்டா. நாளைக்கிக் கூட்டத்துல நான் உங்களுக்காவ ரெண்டு வார்த்த பேசணும், அதான? இருங்க.

இந்த எடம் அப்ப சுண்ணாம்புக்கல்லு வெட்டுற கொவாரி. நான் வாச்சுமேனு. கல்லு தீந்ததும் மொதலாளி குழிய மூடச் சொல்லிட்டாரு. ஆழம் நான் அளந்ததில்ல. மேலேருந்து பாத்தா உள்ள நிக்கிற லாரி தீப்பெட்டியாட்டம் தெரியும். மண்ணு தள்ளுற டோசரு வண்டிய ஓட்டுனது மதுரைவீரன். ஐப்பசி அடமழை. ஓரம் ஊறிக் கெடக்கு, கிட்டப் போவாதடான்னேன். கொழந்தவேலண்ணே, நீ வாச்சுமேனா, வானிலை ஆபீசரான்னு கேட்டுட்டுச் சிரிச்சான். அந்தச் சிரிப்போட, ஓரம் அவனையும் வண்டியையும் சேத்து அப்புடியே உள்ள எறங்கிடுச்சு. நாலு நாளு தண்ணி எறச்சாங்க. அஞ்சாம் நாளு அவன் சம்சாரம் அம்மாக்கண்ணுகிட்ட ஏதோ பேப்பருல கைநாட்டு வாங்கிட்டு, மேலயே குப்பையும் மண்ணும் கொட்டுனாங்க.

ஆமாங்க. எடுக்கல.

சொல்லியிருக்கலாமேங்கறீங்க. சொன்னேன் சார். போன வருசம் அரியலூரு மண்டபத்துல கருத்துக் கேட்டாங்கல்ல, அதுல எந்திரிச்சு, கெழக்கால ஒரு குழி இருக்குங்கன்னேன். எங்க பக்கம் நெலத்தயும் குழிக் கணக்குலதான் சொல்லுவோம். பன்னெண்டடிக்குப் பன்னெண்டடி ஒரு குழி. மேடைல இருந்தவரும் இந்தப் பக்கத்து ஆளு போல. ஏன் பெரியவரே, ஒரு குழிக்கா இம்புட்டு தூரம் வந்தீங்க, கட்டில் போட்டா கதவு தெறக்காதேன்னாரு. மண்டபமே சிரிச்சுது. எழுதுறவரு, ஒரு குழி நெலம் பாத்தியம்னு எழுதிக்கிட்டாரு. மொத வரிசைல சத்யா ஒக்காந்து என்னயே பாத்துக்கிட்டிருந்தா. நான் திருத்திச் சொல்லல. ஒக்காந்துட்டேன். பொய் சொல்லக் கூடாது, உள்ளுக்குள்ள நிம்மதியாக்கூட இருந்துச்சு.

கெழக்கால பார்க்கு, வெறும் புல்லும் ஊஞ்சலும்தான்னு அன்னைக்கி மண்டபத்துல சொன்னாங்க. புல்லு மொளச்சா யாருக்கு என்ன வந்துச்சு? இப்ப உங்க நோட்டீசுல படத்தப் பாக்குறேன், ஏழு மாடியும் அங்கதான் நிக்கிது. சத்யா கடையும் அதுக்குள்ள. எம்பேத்தி இலக்கியாவ விடப்போற பாலவாடி அதுக்கு மேல.

மண்ணு சோதன பண்ணியாச்சு, ரிப்போட்டு நல்லாருக்குங்கறீங்க. நல்லாத்தான் இருக்கும். மெட்ராசுலேருந்து ரெண்டு பேரு மெசினோட வந்தாங்க. தொளை போடறதுக்குப் பேப்பருல மூணு புள்ளி வச்சிருந்தாங்க. கெழக்குப் பக்கம் பூரா சீமக்கருவ மண்டிக் கெடக்கு, வண்டி போவாது. பெரியவரே, வண்டி போற எடமாப் பாத்துக் காட்டுங்கன்னாங்க. டீ வாங்கிக் குடுத்து, மூணுக்கும் நாந்தான் எடம் காட்டுனேன். மூணும் மேக்கால, பாற மேல. பத்தடியிலயே கல்லு தட்டுச்சு. எடம்னா இதுதான் எடம்னு எனக்குக் கை குடுத்துட்டுப் போனாங்க.

என்ன சார், எந்திரிச்சிட்டீங்க?

கெழக்கால இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு தொளகூடப் போடலைங்க.