எண்ணெய்க் குடம் எதிரே வந்த காலை

ஜீப்புக்கு ஆயில் மாற்றுவது பெரிய வேலை இல்லை, ஐயா. கீழே ஒரு போல்ட், மேலே ஒரு மூடி. போல்ட்டைக் கழற்றினால் பழையது இறங்கிவிடும். திரும்ப முடுக்கிவிட்டு, மூடியைத் திறந்து புதியதை ஊற்ற வேண்டும். இதில் ஒருத்தன் தெரியாமல் தப்பு செய்தான் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னீர்கள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பேர் காளியண்ணன். மலைமேல் தேவனூர் நாட்டுக்காரன். மிளகு பறிக்க, அன்னாசி சுமக்க என்று கூப்பிட்ட வேலைக்குப் போவேன். சாயங்காலம் வந்தால் முதுகு கழன்று விழுகிற மாதிரி இருக்கும். அப்போது ஊட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும். அதற்கு மேல் நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

அந்த ஆள் என் சம்சாரம் விஜயா. அவளுக்கு நாமக்கல்லில் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் சமையல் வேலை கிடைத்திருந்தது. அவள் தம்பி யுவராஜ் பார்த்துக் கொடுத்த வேலை. தங்கிச் செய்ய வேண்டும். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளையே கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பக்கம் வெளியே கிளம்பினால் சகுனம் பார்ப்போம். பூனை குறுக்கே போகக் கூடாது. எண்ணெய் எதிரே வரக் கூடாது. போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. அப்படி ஆகிவிட்டால் உள்ளே திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி படியிறங்க வேண்டும். தண்ணீரை நிதானமாகக் குடித்தால் பஸ் போய்விடும். மலையில் அடுத்த பஸ் எப்போது என்று உங்களுக்கே தெரியும்.

விஜயாவுக்கு எப்போதும் தடைதான். அவள் தன் அம்மாவின் கருமாதிக் காரியத்துக்குக் கிளம்பினாள், பூனை குறுக்கே ஓடியது. சித்தி மகள் வளைகாப்புக்குக் கிளம்பினாள், அதே பூனை. பூனை எங்களுடையதுதான். நான் அதைச் சாக்கில் வைத்திருந்ததாக அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பார்கள். அதற்குச் சாக்கில் படுத்தால்தான் தூக்கம் வரும். சாக்கை அவிழ்த்தால் எந்தப் பூனையும் ஓடத்தான் செய்யும். எந்தப் பக்கம் ஓடும் என்று நானா சொல்ல முடியும். சாக்கின் வாய் இருக்கிற பக்கம் ஓடும்.

இந்தத் தடவை பஸ்ஸை நம்ப வேண்டாம் என்று யுவராஜ் தன் ஜீப்பையே எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை விடிந்ததும் வந்துவிட்டான். அவன் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவன். பழைய ஜீப், ஆனால் நல்ல வண்டி. வந்து இறங்கியதும் முதல் வேலையாகப் பூனையைப் பிடித்துக் கூடையைப் போட்டுக் கவிழ்த்தான். கூடையின் மேல் ஆட்டுக்கல் குழவியைத் தூக்கி வைத்தான். ஒரு வாயில்லா ஜீவனை அப்படிச் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை.

மலை ஏறும்போதே வண்டி கருப்பாகப் புகை விட்டது, ஆயில் மாற்றாமல் இறங்க முடியாது என்று அவனேதான் சொன்னான். புது ஆயில் டின் கையோடு கொண்டு வந்திருந்தான். நான் மாற்றித் தருகிறேன் என்றேன். ஒரு மச்சான் செய்கிற உதவிதானே அது.

மலையில் பட்டறைக் குழியெல்லாம் கிடையாது. வாய்க்காலுக்கு இந்தக் கரையில் ஒரு பக்கச் சக்கரம், அந்தக் கரையில் ஒரு பக்கச் சக்கரம் நிற்கும்படி வண்டியை விட்டுவிட்டு, காய்ந்த வாய்க்காலில் மல்லாந்து படுத்துக்கொள்வோம். அப்படித்தான் படுத்தேன். போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் பிடிக்க அகலமான சட்டி ஒன்று வேண்டும் என்று யுவராஜ் சொன்னான். எனக்குக் குடம்தான் கைக்குக் கிடைத்தது.

குடம் நிறைந்ததும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஊட்டுப் பக்கம் நடந்தேன். அதே நேரத்தில் விஜயா பையோடு வாசலுக்கு வந்தாள். அவள் எப்போது வருவாள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவள் கொலுசு போட்டிருந்தாள்.

எண்ணெய் எதிரே வந்துவிட்டதே கண்ணு, உள்ளே போய் உட்கார் என்று நான் செம்பை எடுத்து வந்து கொடுத்தேன். யுவராஜுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "ஏனுங்க மச்சான், அது வண்டி ஆயிலுங்க. அதுக்கெல்லாமா சகுனம்?" என்றான். அது நியாயமான கேள்வி. நான் முடிவு சொல்லக் கூடாது என்று, அந்த வழியாக வந்த கோயில் பூசாரி அண்ணாமலையைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

அண்ணாமலை குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"வழவழன்னு இருக்குதில்ல. அப்ப எண்ணெய்தானுங்க. எள்ளுல வந்தா என்ன, எஞ்சின்ல வந்தா என்ன. சாமிக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"அப்ப இதை ஊத்திச் சாமிக்கு வெளக்குப் போடுவீங்களா பூசாரி?" என்றான் யுவராஜ்.

"வெளக்குக்கு ஆகாது. என் ஊட்டுக் கதவு நெலவுல கரையான் ஏறுது, அதுக்கு ஆகும். யாருக்கும் வேண்டாம்னா நான் எடுத்துக்கறேன்" என்று குடத்தோடு போய்விட்டார். எங்கள் ஊரில் பழைய ஆயிலுக்கு ஆள் காத்திருப்பார்கள். மரத்தில் பூசினால் கரையான் அண்டாது.

விஜயா தண்ணீரைக் குடிக்கவில்லை. செம்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு போல்ட்டைக் காணவில்லை. வாய்க்கால் மண்ணைச் சலித்துப் பார்த்தோம். நானும்தான் தேடினேன், முட்டி போட்டு. வெயில் ஏறிவிட்டது. கடைசியில் யுவராஜ் என் வேட்டி மடிப்பைக் காட்டி, அங்கே என்ன துருத்திக்கொண்டு இருக்கிறது என்று கேட்டான். பார்த்தால் போல்ட். கீழே விழுந்துவிடக் கூடாது என்று நான்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்த பொருள் உடனே கிடைப்பதில்லை.

இனி நீங்கள் எதையும் தொடாதீர்கள் மச்சான் என்று அவனே வண்டிக்கு அடியில் படுத்து முடுக்கினான். அந்த நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. காலையிலேயே அன்னாசிக்காக மேலே மடையைத் திறந்துவிட்டிருந்தேன். தண்ணீர் இவ்வளவு தூரம் வர அவ்வளவு நேரம் ஆகும். அவன் போல்ட்டை விடாமல் முடுக்கி முடித்தான், அதைச் சொல்ல வேண்டும். எழுந்து வந்தபோது தலை முதல் கால் வரை சேறு. புது ஹாஸ்டல் வார்டனைப் பார்க்க வேண்டியவன் அப்படிப் போக முடியாது. என் சட்டை ஒன்றைக் கொடுத்தேன். குளிக்கப் போகும்போது, வேறு வழியில்லாமல், "டின்னுல இருக்கறத அப்படியே ஊத்தி மூடியிருங்க மச்சான். அது ஒண்ணு செஞ்சாப் போதும்" என்றான்.

நான் மூடியைத் திறந்தேன். உள்ளே பார்த்தேன். இருட்டாக இருந்தது.

ஆயில் இல்லாமல் ஓடினால் இன்ஜின் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமா என்று நேற்று கேட்டீர்கள். தெரியும். நல்லுசாமி ஊட்டுப் பவர் டில்லர் அப்படித்தான் இறுகிப்போனது. அதைத் தூக்கி லாரியில் ஏற்றியதே நான்தான். இறுகினால் அது ஓடாது. ஓடாத வண்டி எங்கேயும் போகாது. யாரையும் ஏற்றிக்கொண்டும் போகாது. நான் நினைத்தது அவ்வளவுதான், ஐயா. எங்கள் தெருமுனை தாண்டும் முன்பே இறுகிவிடும் என்று நினைத்தேன். டில்லர் சீக்கிரம் இறுகியது. ஜீப் நல்ல வண்டி, தாங்கிவிட்டது.

டின்னைக் கொண்டுபோய்ப் பலா மரத்துக்குப் பின்னால் வைத்தேன். ஆடு மாடு நடமாடுகிற வாசல், யாராவது உருட்டிவிடக் கூடாது அல்லவா.

குளித்துவிட்டு வந்து, "ஊத்தியாச்சுங்களா?" என்று கேட்டான்.

"மூடிய நல்லா முடுக்கிட்டேன் மாப்ள" என்றேன். நான் பொய் பேசுகிறவன் இல்லை. மூடியை நன்றாக முடுக்கியிருந்தேன்.

அளவு பார்க்கிற கம்பியைக் காட்டச் சொன்னான். காட்டினேன். பளபளவென்று ஆயில் இருந்தது. கம்பியில் இருந்தது. நிறம் பார்ப்பதற்காக அதை டின்னுக்குள் ஒரு தடவை முக்கி எடுத்திருந்தேன்.

அப்போது விஜயா எழுந்து வந்தாள். செம்பை வாசலில் வைத்தாள். தண்ணீர் அப்படியே இருந்தது. கொலுசைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தாள்.

"ஏனுங்க, இனி எருமையே எதுக்க வந்தாலும் நான் போறனுங்க" என்றாள். "அந்தப் பூனைய மட்டும் தொறந்து உடுங்க. பாவம், நானாச்சும் ரெண்டு காலுல எந்திரிச்சுப் போயிருவேன்."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது. சத்தம் போட்டிருந்தால் தடுத்திருப்பேன்.

வண்டியை எடுத்தார்கள். உள்ளே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. விஜயா அது என்னவென்று கேட்டதும், வாங்கிய நாளிலிருந்து எரிகிறது அக்கா என்று அவன் சொன்னதும் என் காதில் விழுந்தது. வண்டி தெருமுனையைத் தாண்டியது. நான் பலா மரத்தடியில் டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கிறீர்கள். ஓடிப்போய் மறித்திருக்கலாமே என்கிறீர்கள். குறுக்கு வழியில் ஓடியிருந்தால் கோயில் திருப்பத்தில் பிடித்திருப்பேன், வாஸ்தவம். ஆனால் கையில் ஆயில் டின். எண்ணெயோடு எதிரே போனால் சகுனத் தடை. அதைத்தான் காலையிலிருந்து எல்லாரும் எனக்குக் குற்றமாகச் சொன்னார்கள். நின்ற இடத்திலிருந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. அவள் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறவன் இரண்டையும் செய்ய மாட்டான். நான் இரண்டையும் செய்யவில்லை.

மேலிருந்து ஏழாவதோ எட்டாவதோ கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் இறுகியது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சக்கரம் சுற்றாமல் வழுக்கிக்கொண்டு போய்த் தடுப்புச் சுவரை உடைத்திருக்கிறது. யுவராஜ் அந்த இடத்திலேயே போய்விட்டான். எனக்கும் வருத்தம்தான். என் சட்டையைப் போட்டிருந்ததால் முதலில் அது நான்தான் என்று ஊரில் சொன்னார்களாம். அதைக் கேட்க ஒரு மாதிரி இருந்தது. பூனையை அன்று சாயங்காலமே திறந்துவிட்டேன். அவள் சொல்லி நான் எதைச் செய்யாமல் இருந்திருக்கிறேன்.

ஆகவே ஆயில் ஊற்றாதது நான்தான். வேண்டுமென்றேதான் ஊற்றவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

விஜயாவுக்கு இரண்டு காலிலும் கம்பி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். வெகு நாளைக்கு எழுந்து நடக்க முடியாது, எங்கேயும் போக முடியாது, கூடவே ஒரு ஆள் இருந்து பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராமே. என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று அவள் சொன்னதாகவும் சொன்னீர்கள். அது வலியில் சொல்வது. ஊட்டுக்கு வந்தால் சரியாகிவிடும். நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்வேன்.

அதனால் இதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், ஐயா. நான் படியிறங்கும்போது மட்டும் யாரும் பின்னாலிருந்து கூப்பிட வேண்டாம்.