எடுக்கச் சொன்ன வரி

பெயர் சுடலைமணி, வயது அறுபத்தெட்டு, தகப்பனார் காலஞ்சென்ற ராமர், சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டம் களக்காடு, தற்போதைய இருப்பிடம் கொச்சி மட்டாஞ்சேரி பஜார் சாலையின் பின்புறச் சந்தில் வாடகை வீடு, தொழில் முன்பு மிளகு மண்டியில் மூட்டை சுமந்தது, இப்போது இரவுக் காவல். விசாரணை அதிகாரி கேட்க நான் சொல்லி, தமிழ் தெரிந்த காவலர் எழுதிக்கொள்கிறார். நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. மூட்டைகளின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்தே படிக்கக் கற்றவன். ஆகையால் ஒவ்வொரு பக்கத்தையும் நானே படித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நானும், கட்டிடங்களில் கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் வேலை பார்த்த இசக்கிதுரையும், கீபோர்டு வாசிக்கும் ஷாஹிரும் சேர்ந்து 'மிக்சர் பார்ட்டி' என்ற சிரிப்புப் பாட்டுக் கோஷ்டி நடத்தி வந்தோம். எல்லோருடைய செல்போனிலும் ஓடுகிற சினிமாப் பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள காதலைத் தள்ளிவிட்டு, எங்கள் தெருவில் நடப்பதை வைத்துப் பாடுவோம். வார்த்தை என்னுடையது, குரல் இசக்கிதுரையுடையது. ஷாஹிருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, என் வரிகளை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வார்.

எங்கள் கோஷ்டிக்கு ஒரு சட்டம் உண்டு, அதை வைத்தவன் நான். யாரைப் பற்றிப் பாட்டோ அவரிடம் முதலில் நேரில் போய்ப் பாடிக் காட்டுவோம். அவர் ஒரே ஒரு வரியை எடுக்கச் சொல்லலாம், ஏன் என்று கேட்கமாட்டோம். எடுத்த இடத்தில் வேறு வரியும் போடமாட்டோம். மேடையில் அந்த இடம் வரும்போது இசக்கிதுரை வாயை மூடிக்கொள்ள, கீபோர்டு மட்டும் போகும். ஜனங்கள் உடனே "எடுத்தாச்சே!" என்று கத்திச் சிரிப்பார்கள். அப்படி எடுக்கச் சொன்னவர்கள் அந்தக் குறையை ஓசைப்படாமல் சரிசெய்துவிடுவதுதான் வழக்கம். சாயாக்கடை மரியம் பாலில் தண்ணீர் கலப்பதைப் பற்றிய வரியை எடுக்கச் சொன்னார், மறுநாளே சாயா கெட்டியாகிவிட்டது. வரி போனால் குறையும் போகும் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை.

இசக்கிதுரையும் அவர் மனைவி பொன்மணியும் குடியிருந்தது சங்கர்ராம் என்பவருக்குச் சொந்தமான பழைய கிடங்கின் மாடியில். சென்ற வருடம் தெற்குப் பக்கத்து மர உத்திரம் தொய்ந்துபோனதால் சங்கர்ராமே ஆள் வைத்து அதன் அடியில் இரும்பு முட்டுகள் கொடுத்திருந்தார். இந்த வருடம் மழை தொடங்கியபின், ஆலுவாவில் அவர் கட்டும் புதுக் கட்டிடத்துக்கு வேண்டும் என்று அந்த முட்டுகளைக் கழற்றி டெம்போவில் ஏற்றிப் போனார்கள். அது தன் தொழில் என்பதால் இசக்கிதுரைக்கு உடனே பயம் வந்தது. இரண்டு முறை சங்கர்ராமின் கடைக்குப் போய்ச் சொன்னார். கடையில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. அதன் பிறகு என்னிடம் வந்து, "அண்ணாச்சி, சொன்னா அவரு காதுல ஏறாது. பாட்டாப் போடுங்க, ஏறும்" என்றார். போட்டேன்.

அதன் பிறகு ஓணத்துக்கு முன்பு ஒரு நாள் மதியம் நாங்கள் மூவரும் சங்கர்ராமின் கடைக்குப் போய்ப் பாடிக் காட்டினோம். 'வண்டி ரெண்டு வாங்கிப்புட்டாரு, வாசல் பல்பு மாத்த மாட்டாரு' என்ற இடத்தில் மேசையைத் தட்டிச் சிரித்தார். 'வாளி வச்சுத் தூங்குறோமே, வாடகையில மழையும் சேர்த்தி' என்ற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொள்ளாம் அண்ணாச்சி, நல்லாருக்கு! வண்டிக்கு இன்னும் ரெண்டு வரி போடும்" என்றார். அடுத்த வரி வந்ததும் சிரிப்பு நின்றது. பாட்டு முடிந்ததும், "அந்த டெம்போ வரி வேண்டாம்" என்றார். ஷாஹிர் விளையாட்டாக, "எந்தா முதலாளி, டெம்போ என்ன தப்பு செஞ்சுது?" என்று கேட்க, நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். சட்டப்படி வரியை எடுத்தோம்.

அதன் பிறகு ஓண விழா மேடையில் அந்தப் பாட்டு நடந்தது. சங்கர்ராம் முன்வரிசையில் இருந்தார். கீபோர்டு தனியாகப் போன இடத்தில் ஜனங்கள் "எடுத்தாச்சே!" என்று கத்தினார்கள். அவரும் எழுந்து திரும்பிக் கைகூப்பினார். முடிந்ததும் இசக்கிதுரைக்குத் துண்டு போர்த்தினார்.

முட்டுகள் திரும்பி வரவில்லை. பொன்மணி என் வீட்டுக்கு வந்து, "பள்ளுருத்தியில ரூம் பாத்து வச்சிருக்கேன், வர மாட்டேங்காரு. பாட்டுல வரி போனா வீட்டுக்கு முட்டு வந்துருமா? நீங்களாவது சொல்லுங்க அண்ணாச்சி" என்று கேட்டார். கூட வந்த இசக்கிதுரை, "ஊருக்கு முன்னால கும்பிட்டாருல்லா. மானம் உள்ள மனுசன் வச்சிருவாரு, பாரு" என்றார். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நானும் சொன்னேன். நான் சொன்னதை மறைக்க வேண்டியதில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

சம்பவம் நடந்தது செவ்வாய்க்கிழமை காலை. மழையால் இசக்கிதுரை வேலைக்குப் போகவில்லை. பொன்மணி ஹோட்டலுக்குப் பாத்திரம் தேய்க்கப் போயிருந்தார். சத்தம் கேட்டு நான் ஓடியபோது மாடியின் தெற்குப் பாதி கீழே கிடந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். பொன்மணி வந்து, யார் சொல்லியும் கேட்காமல், தன் போனிலிருந்து கணவரின் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்தார். ஓணத்தன்று ஷாஹிர் பதிவு செய்த எங்கள் பாட்டைத்தான் இசக்கிதுரை தன் போனில் அழைப்பு மணியாக வைத்திருந்தார். இடிபாட்டுக்குள்ளிருந்து அவர் பாடுவது கேட்டது, ஜனங்கள் சிரிப்பதும் கேட்டது. நடுவில் குரல் நின்றது. பாட்டு முடிந்துவிட்டதென்று ஒரு தீயணைப்புக்காரர் கையைத் தூக்கினார். நான், "நிக்கல, இப்ப வரும், அந்த இடத்துலயே தோண்டுங்க" என்றேன். கீபோர்டு போய் முடிந்து மறுபடியும் குரல் வந்தது. அந்த இடத்தில்தான் எடுத்தார்கள். உயிர் இல்லை. சங்கர்ராம் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

அதன் பிறகு பிணவறை வாசலில் பொன்மணி என்னைப் பார்த்து, "உங்க சட்டத்தை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்றார்.

எங்கள் ஒத்திகையின் ஸ்பீக்கர் பெட்டிச் சத்தத்தால் கட்டிடம் அதிர்ந்து விழுந்தது என்றும், ஆபத்து பற்றித் தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றும், பாட்டின் வீடியோவில்கூட முட்டுகளைப் பற்றிப் பேச்சே இல்லை என்றும் சங்கர்ராம் சொன்னதாக அதிகாரி சொல்லித் தெரிந்துகொண்டேன். மாடியில் ஒத்திகை நடந்தது உண்மை. அங்கே பெட்டி கிடையாது. ஒழுகும் தண்ணீருக்கு வைத்த பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துத்தான் இசக்கிதுரை தாளம் போடுவார். வாளிச் சத்தத்தில் உத்திரம் விழும் என்றால் அந்த உத்திரத்தின் அடியில் மனிதர்களைக் குடிவைத்தவர் யார் என்று கேட்கிறேன்.

வீடியோவில் அந்த வரி இல்லைதான். அந்த வரிக்கான இடம் இருக்கிறது, கத்துகிற ஜனங்கள் இருக்கிறார்கள், எழுந்து கைகூப்புகிற சங்கர்ராம் இருக்கிறார். எதற்காகக் கைகூப்பினார் என்று அவரிடம் கேட்கலாம். தன் தொந்தியை, தன் கஞ்சத்தனத்தை, தன் மனைவியின் நகையைப் பாடச் சம்மதித்தவர் ஒரு டெம்போவை மட்டும் பாடக்கூடாது என்றார். ஆபத்து தெரியாதவருக்கு அது உறுத்தியிருக்காது.

கடையில் அந்த வரியைப் பாடியபோது இருந்தவர்களில் இசக்கிதுரை இப்போது உயிரோடு இல்லை. ஷாஹிரின் வாப்பா கடை வைத்திருப்பது சங்கர்ராமின் இன்னொரு கட்டிடத்தில். ஷாஹிர் என்ன சொல்வாரோ எனக்குத் தெரியாது, அவரை நான் வற்புறுத்தமாட்டேன். மிஞ்சியது நான்.

அந்த வரி என்ன என்று அதிகாரி கேட்டார், சொன்னேன். சிரிப்புப் பாட்டை வாக்குமூலத்தில் எழுத வேண்டுமா, 'முட்டு அகற்றப்பட்டது பற்றிய ஒரு வரி' என்று போட்டால் போதாதா என்றார். போதாது என்றேன். எழுதாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்து சம்மதித்தார். அந்த வரி:

'தெக்கு உத்திரம் தாங்கின முட்டு டெம்போ ஏறி ஆலுவா போச்சு.'

இதுவரை எழுதியதை நானே வாசித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் நடந்தது. மேற்படி சட்டம் இந்தக் காகிதத்துக்குப் பொருந்தாது. இதிலிருந்து யார் கேட்டாலும் ஒரு வரியையும் எடுக்க எனக்குச் சம்மதமில்லை.

(ஒப்பம்)
ரா. சுடலைமணி