கண்ணளவு போதும்

…அளவு, அளவுன்னு நீயும் தொடங்காத மக்கா. அந்த வார்த்தைய கேட்டாலே எனக்கு வெப்ராளம் வருகு. இரி, அந்த ஸ்டூலுல இரி. இரணியல்ல இருந்து பக்கத்து வீட்டுக்கு வாழ வந்த பிள்ள, முதமுதல்ல துணி கொண்டு வந்திருக்க, திருப்பி அனுப்புவேனா? ஈஸ்டர் கழிஞ்சு நாத்தனாருக்க கல்யாணம், பட்டு பிளவுசு. மனசிலாச்சு. கையத் தூக்காண்டாம். டேப்பு ஒண்ணும் வேண்டாம். ஆண்டவரு பின்ன கண்ணு எதுக்கு தந்திருக்காரு?

அளக்குகதுக்குன்னே பிறந்த ஒரு ஆளு உள்ள இரிக்காரு, கேட்டியா, எனக்க மாப்பிள, என்னைக் கெட்டினவரு. சவுதில, தம்மாம்ல இரும்புப் பட்டறைல இருந்தாரு. அங்க இரும்ப அளந்தாரு, சம்பளம் குடுத்தாவ. ஊருக்கு வந்த பொறவு அளக்க இரும்பு இல்ல, எனக்க அடுக்களைய அளக்க தொடங்கியாச்சு. புளி கரைக்க கப்பு. புட்டுக்கு தண்ணி தெளிக்க ஸ்பூன். கறி எப்படி இருக்குன்னு கேட்டா, "உப்பு போன தடவைய விட கூடுதல்"ம்பாரு. கொள்ளாம், நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்த… ம்ஹூம், அது அவருக்க கணக்குல இல்ல.

இந்த லட்சணத்துல கோயில் பங்குல தம்பதியருக்கு கருத்தரங்கு வச்சாவ. குழித்துறைல இருந்து ஒரு சாரு வந்தாரு, இந்த வெக்கைல கோட்டு போட்டுட்டு. தலைக்குள்ள ஒரு பக்கம் கணக்காம், மறுபக்கம் கற்பனையாம், சோலிலயும் வீட்டுலயும் ரெண்டும் சமமா நிக்கணுமாம். சமமா நிக்கணும்னு பேசினவரு, பேச்ச எப்ப நிறுத்தணும்னு மட்டும் யோசிக்கல்ல. எல்லாவனும் பசில கை தட்டினான். அவரு பாவம், பேச்சு நல்லாயிருக்குன்னு நினைச்சு இன்னும் கொஞ்சம் பேசினாரு.

அதக் கேட்ட நம்ம தெரு அன்பிய ஜெபக்கூட்டத் தலைவி தேவகனிக்கு உடனே ஞானம் வந்துட்டு. கிறிஸ்மஸ் குடில் போட்டிக்கு கணக்கு இவரு, ராஜகுமாராம், கற்பனை நான், சகாயசெல்வியாம், கப்பு நமக்குத்தானாம். எங்கள ரெண்டு பேரையும் ஒரு கட்டிலுல போட்டுட்டு ஊரு இவ்வளவு காலம் சும்மா இருந்தது போதாதா?

நான் பறஞ்சேன், இது கடக்கரை, மாட்டுத்தொழுவம் என்னத்துக்கு, பாலன் வள்ளத்துல பிறக்கட்டும்னு. அது எனக்க தலைல உதிச்சதாக்கும். இப்ப ஒருத்தியும் அத பறையமாட்டா. இவரு உடனே எனக்க தையல் டேப்ப எடுத்து கழுத்துல போட்டாரு. அவருக்க இரும்பு டேப்பு உப்புக்காத்துல துருப்பிடிச்சு போச்சு, பாத்துக்கோ. கோயிலுக்கு போயி குழந்தை இயேசு சொரூபத்த அளந்தாரு. தலை, தோளு, காலு. ஆசுபத்திரில கூட பிறந்த பிள்ளைய அப்படி அளக்கமாட்டாவ. பொறவு பலகைல ஒரு குட்டி வள்ளம். கொள்ளாம், வேலை கொள்ளாம், அத பறயணும்லா. அலையில ஆடுகது மாதிரி கம்பியில தொங்க விட்டாரு. பாலன் அசையாம கெடக்கணும்னு நூலு கூட போகாத அளவுல செஞ்சிருக்காரு.

சொரூபத்த கிறிஸ்மஸ் பூசை கழிஞ்சுதான குடிலுல வைப்பாவ? அதுவரைக்கும் வள்ளம் காலியாத்தான் ஆடிட்டு கெடந்துது. எனக்கு மனசு கேக்கல்ல. மார்கழிக் குளிருல பிறந்த பிள்ளைய வெறும் மேலோட கெடத்துவாவளா? வெள்ளை சாட்டின்ல ஒரு கவுணு தச்சேன், அடுக்கடுக்கா ஃப்ரில்லு வச்சு. யாருகிட்டயும் பறயல்ல. அளவா? டேப்பு அவருக்க கழுத்துல கெடக்கு, நான் எத வச்சு அளக்க? கண்ணளவுதான். கொஞ்சம் பெருசாத்தான் வந்துது, ஆனாலும் பூசைக்கு முன்ன நானே போயி சொரூபத்துக்கு போட்டு விட்டேன். வளருக பிள்ளதான…

சிரிக்காத. நானே வயிறெரிஞ்சு பறயுகேன்.

ஃபாதர் பிள்ளைய ஏந்திட்டு வாறாரு. ஊரே நிக்கு. வள்ளத்துல வைக்காரு, போகல்ல. ஃப்ரில்ல ஒதுக்கி அமுக்குகாரு, போகல்ல. வள்ளம் கம்பியில சுத்தி அப்படியே கவுந்துட்டு. ஃபாதர் கைய விடல்ல, ஆண்டவருக்கு தோத்திரம். பொறவு அலங்காரத்துக்கு வச்சிருந்த மீன் விக்குக வியாகுலம்மாக்க கடவத்த இழுத்து, அந்த ஓலைக்கூடைக்குள்ள வைக்கோல போட்டு பாலன கெடத்திட்டாரு. ஆளாளுக்கு போட்டோ எடுத்தாவ, கடவம் கொள்ளாம், கடவம் கொள்ளாம்னு. கணக்கும் இல்ல கற்பனையும் இல்ல, கடவம். கப்பு பக்கத்து தெருவுக்கு போச்சு.

வீட்டுக்கு வந்து கேக்காரு, "ஒரு வார்த்த பறஞ்சிருந்தா இடம் விட்டிருப்பேனே"ன்னு. பிள்ளைக்கு உடுப்பு உண்டும்னு தோணாத தலை என்ன தலைன்னு நானும் விடல்ல. அன்னைக்கு நிறுத்தின பேச்சாக்கும், இன்னா தவக்காலம் வந்தாச்சு. சோறு ரெடின்னு நான் பூனைக்கிட்ட பறைவேன், அவரு கேட்டுட்டு வந்து இருப்பாரு. கறி தீந்து போச்சுன்னு அவரும் பூனைக்கிட்டதான் பறைவாரு. பூனை தடிச்சு போச்சு, பாத்துக்கோ.

எனக்கு ஒரு விஷமமும் வருத்தமும் இல்ல. ஆனா காலைல சாயா குடிக்கும்போ சீனி கூடுதல்னு பறைய ஒரு ஆளில்ல. சாயா குடிச்ச மாதிரியே இல்ல, சவம்.

எங்க விட்டேன்? ஆங், பிளவுசு. கையி எவ்வளவு எறக்கம் வேணும்? இந்தா, சாக்பீசு வச்சு ஒரு கோடு… என்ன, டேப்பு இல்லியான்னா? அவரு வேல செய்யுக மேசைக்கு மேல ஆணில தொங்குகு. கேட்டா தருவாரு. கேக்கணும்லா? கிறிஸ்மஸ் தொட்டு கண்ணளவுலதான் தச்சிட்டு இரிக்கேன், யாரு என்ன செத்தா போயிட்டாவ? ஜெமி மட்டும் பட்டன் விழல்லன்னு வந்து சாடினா. கேக்கு தின்னா தடிக்கத்தான் செய்யும். ஜெஸ்பினுக்க அம்மைக்கு தோளு எறங்கி போச்சாம். அது மெலிஞ்சு போனதுக்கு நானா பொறுப்பு? இந்த மாசம் வாறவளுக எல்லாவளுக்கும் ஒடம்புல என்னமோ கோளாறு. துணியும் இப்ப அவ்வளவா வருகதில்ல…

ஏட்டி, பட்ட எதுக்கு மடக்குக? கத்திரி இன்னும் தொடல்லயே. பொறவு வாறியா? பொறவுன்னா எப்ப? ஏட்டி ஜெனிலா, ஓடாத, கோடு மட்டும்தான் போட்டேன், அது தண்ணியில போயிரும்…

போயிட்டா. நேரா ஜங்ஷன் தையக்கடைக்கு போறா, பாரு. நல்ல பட்டு.

…

இஞ்ச கேட்டியளா? அந்த டேப்ப கொஞ்சம் கொண்டு வாருங்க. ஒரு பிள்ள போயிட்டா, பின்னால ஓடிப் போயி கூட்டிட்டு வரணும்.

…பூனைக்கிட்ட இல்ல. உங்கக்கிட்டதான் பறயுகேன்.