கூடையில் கூடிய சாமான்

— பாக்கெட்டுல இருக்கிற கைய அப்படியே வெளிய எடுங்க, சார்ஜென்ட். மெதுவா.

— நோலீன், கடையில வேற ஆள் இருக்காங்களா?

— ஒருத்தரும் இல்ல. இந்த டிசம்பர் கோடை வெயில்ல நாய்கூட நம்ம தெருவுல நடக்காது. நீங்க ஒருத்தர்தான் நாலு நாளா கோட்டைப் போட்டுக்கிட்டு வர்றீங்க. இந்தச் சூட்டுல கோட்டு எதுக்குன்னு அப்பவே யோசிச்சேன்.

— எனக்குக் குளிருதும்மா. வயசாச்சு.

— குளிருதா? நெத்தியில வேர்வை கொட்டுது. அந்த மூலையில வட்டக் கண்ணாடி எதுக்கு மாட்டியிருக்கேன், நீங்க தலை சீவவா? தினமும் வர்றீங்க. கிறிஸ்துமஸுக்கு வீட்டுல தொங்கவிடுற சாக்ஸுக்குள்ள போடுற சில்லறைப் பரிசுச் சாமான் கூடைகிட்ட நிக்கிறீங்க. கை பாக்கெட்டுக்குள்ள போகுது, வருது, திரும்பப் போகுது. ஒரு பொருள் வாங்கினதில்ல.

— விலை பார்த்தேன்.

— எதை எடுத்தாலும் ரெண்டு டாலர்னு மேலயே பெருசா எழுதி வெச்சிருக்கேன். அதைப் பார்க்க நாலு நாளா?

— நீ யார்கிட்ட பேசுறேன்னு ஞாபகம் இருக்கட்டும், நோலீன். இந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனை இருபத்தாறு வருஷம் நடத்தினவன் நான்.

— அதனாலதான் ஸ்டேஷனுக்குப் போன் போடாம நானே கேக்குறேன். புதுசா வந்திருக்கிற சின்னப் பையன் உங்க கையப் பிடிச்சு வண்டியில ஏத்தினா பார்க்க நல்லாவா இருக்கும்? எல்லாத்தையும் இந்த மேசை மேல வைங்க.

— சரி... இந்தா.

— விசில். குட்டி டார்ச். காந்தம். சோப்பு முட்டை ஊதுற குப்பி. சீட்டுக்கட்டு. எல்லாத்துலயும் என் கடை ஸ்டிக்கர். இப்ப என்ன சொல்றீங்க?

— நான் எடுக்கல.

— அப்போ பில் காட்டுங்க.

— பில் இல்ல.

— எடுக்கவும் இல்ல, வாங்கவும் இல்ல. சாமானே நடந்து வந்து உங்க பாக்கெட்டுல ஏறிக்கிச்சா?

— எடுக்கல நோலீன். போடுறேன்.

— என்னது?

— உன் கூடையில போடுறேன். திருப்பி வைக்கிறேன். நேத்து ரெண்டு பம்பரம் வெச்சேன். முந்தாநாள் ஒரு யோயோ.

— இருங்க. யோயோவா? மரத்துல, சிவப்புக் கலர்ல?

— ஆமா.

— அடக் கடவுளே. அதை நேத்துதான் ஒரு பிள்ளைக்கு வித்தேன். யோயோ சரக்கு எடுத்தே ரெண்டு வருஷமாச்சு, இது எங்கிருந்து வந்துச்சுன்னு மண்டைய உடைச்சுக்கிட்டேன். நமக்குப் புத்தி பிசகிடுச்சோன்னு பயந்தே போயிட்டேன். ஏன் சார்ஜென்ட்? யாராவது திருடினதை உங்க தலையில கட்டிட்டாங்களா?

— கொஞ்சம் உக்காரலாமா?

— உக்காருங்க. முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டுங்க, மயங்கி விழுந்து வைக்கப் போறீங்க. ஃபேனை இந்தப் பக்கம் திருப்பிட்டேன். ம், சொல்லுங்க.

— என் தெல்மா.

— தெல்மா டீச்சரா? பாவம், அவங்க கண்ணை மூடியே...

— ஆகஸ்ட்ல. குளிர்காலம், நல்ல குளிரு அன்னைக்கு. என் பொண்ணு ஜோன் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அடிலெய்டுலேருந்து வர்றா. தெல்மா அந்தச் சாக்ஸ் எல்லாம் எங்க வெச்சிருக்காளோன்னு தேடினேன். கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி. சாக்ஸும் இருந்துச்சு, பெட்டி நிறைய இந்தச் சாமானும் இருந்துச்சு.

— டீச்சரோட சாக்ஸ் பத்தி ஊருக்கே தெரியுமே. உள்ள ரெண்டு டாலருக்கு மேல ஒரு பொருள் இருக்காது, ஆனா பிள்ளைங்க புது சைக்கிளைக்கூட விட்டுட்டு அதைத்தான் கட்டிக்கிட்டுத் தூங்கும்னு ஜோன் சொல்லுவா.

— போன வருஷம் மாப்பிள்ளை சாக்ஸுல ஈ அடிக்கிற மட்டை போட்டா. மனுஷன் விருந்து முடியிற வரைக்கும் அதைக் கீழ வைக்கல. ராஜா மாதிரி உக்காந்து வீசிக்கிட்டே இருந்தான். யாருக்கு எது பிடிக்கும்னு அவளுக்குத்தான் தெரியும். எனக்கு என்ன தெரியும்? ஆளுக்கு ஒண்ணு, டயர்ல காத்து பார்க்கிற கருவி வாங்கிப் போட்டுடலாம்னு இருந்தேன்.

— ஏழு வயசுப் பொண்ணுக்கா?

— அவளுக்கும் சைக்கிள் இருக்குல்ல?

— நல்ல தாத்தா நீங்க! பெட்டி நிறைய சாமான் இருக்கே, அதைப் போடுறதுக்கென்ன?

— அதுக்குத்தான் பில் இல்லயே, நோலீன். தெல்மா பால் வாங்கின பில்லைக்கூட கம்பியில குத்தி வைக்கிறவ. வீட்டையே புரட்டிப் போட்டுட்டேன். இந்தப் பெட்டிக்கு மட்டும் ஒரு துண்டு பில் கிடையாது.

— அதனால?

— அதனால என்னன்னு என் வாயால சொல்லணுமா? உன் கடையில சாக்லேட் எடுத்த பிள்ளைங்களைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உன் முன்னாடி நிறுத்தினவன் நான். என் வீட்டுக்குள்ளயே... அந்தச் சாமானைப் பேரப்பிள்ளைங்க சாக்ஸுல போட எனக்குக் கை வரல. சத்தமில்லாம திருப்பி வெச்சுடலாம்னு பார்த்தேன். அவ பேரு கெட வேண்டாம்னு.

— தெல்மா டீச்சர் திருடினாங்களா? என்ன பேச்சுப் பேசுறீங்க!

— எனக்கு மட்டும் ஆசையா? கண்ணால பார்த்ததை வெச்சுத்தானே பேச முடியும்.

— அந்த டார்ச்சை இப்படிக் குடுங்க. விசிலையும். ம்... இது நான் ஒட்டினதே இல்ல.

— உன் கடை ஸ்டிக்கர்தானே?

— ஸ்டிக்கர் கடையோடதுதான். நான் ஒட்டினா பொருளோட பேரை எழுதி, அதுக்குக் கீழ விலை எழுதுவேன். இதுல வெறும் எண்ணு. இதுலயும் வெறும் எண்ணு. இது ராய்ஸ் கையெழுத்து. என் புருஷன் கை.

— ராய்ஸ் எப்போ கடையில உக்காருவான்?

— வியாழக்கிழமை மட்டும். அன்னைக்குத்தான் நான் எங்கம்மாவைப் பார்க்க முதியோர் இல்லத்துக்குப் போறது.

— வியாழக்கிழமையா?

— ஆமா. மதியம் கிளம்பினா இருட்டினப்புறம்தான் திரும்புவேன். ஏன் சார்ஜென்ட், முகம் ஒரு மாதிரி போகுது?

— வியாழக்கிழமை சாயங்காலம் தெல்மாவுக்குச் சர்ச்சுல பாட்டு ஒத்திகை. ரெண்டு வருஷமா ஒரு வாரம் தவறினதில்ல.

— ஒத்திகை திங்கக்கிழமைங்க. நானும் பாடுறேனே, எனக்குத் தெரியாதா? டீச்சர் அந்தக் குழுவுலயே கிடையாது.

— அப்போ அவ எங்க போனா? எனக்குத் தோணுறதேதான் உனக்கும் தோணுதா?

— எனக்கு ஒண்ணும் தோணல. வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தா தொட்டியில ரெண்டு டீக்கோப்பை கிடக்கும். கேட்டா, ஒண்ணுல ஈ விழுந்துடுச்சும்பான். வாராவாரம் விழுற ஈ அது. எதிர்ல பேக்கரிக்காரி ஒரு நாள் கேட்டா, வியாழக்கிழமை நாலு மணிக்கே கடையை ஏன் மூடிடுறீங்கன்னு. அவளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு நினைச்சேன். அவிஞ்சது என் கண்ணுதான் போல.

— அன்னைக்கு என்ன சட்டை போடுவான்?

— இஸ்திரி போட்டது. மத்த நாளெல்லாம் கிழிஞ்ச பனியனோட திரியிற மனுஷன்.

— இப்ப எங்க அவன்?

— பின்னாடி வேன்லேருந்து பெட்டி இறக்குறான். ராய்ஸ்! ஏ ராய்ஸ்! இறக்கினது போதும், உள்ள வா!

— கத்தாத நோலி, வந்துட்டேன். அட, சார்ஜென்ட்டா! என்ன, ரெண்டு பேரும் இப்படி உக்காந்திருக்கீங்க? நம்ம ஆளுங்க ஆல் அவுட்டா?

— கிரிக்கெட் கிடக்கட்டும், ராய்ஸ். இது என்ன?

— டார்ச்.

— டார்ச்னு எனக்கும் தெரியும். என் பொண்டாட்டி பெட்டிக்குள்ள இது எப்படி வந்துச்சு? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு.

— நான்தான் கொடுத்தேன்.

— அவளா எடுக்கலயே?

— தெல்மா டீச்சரா? கொடுத்தாலே வாங்க மாட்டாங்களே! காசு நீட்டினேன், கோவிச்சுக்கிட்டு எழுந்துட்டாங்க. அதான், பேரப்பிள்ளைங்க சாக்ஸுக்கு ஆகும்னு கெஞ்சிக் கூத்தாடி, கிளம்புறப்போ கைப்பையில ஏதாவது ஒண்ணு போட்டு விடுவேன். கல்லாவுல என் கைக்காசைப் போட்டுடுவேன், நோலி. சத்தியமா.

— அப்பாடா. அவ எடுக்கல. நோலீன், கேட்டியா? அவ எடுக்கல.

— கேட்டேன். நீங்க மூச்சு விட்டாச்சு, நான் இன்னும் விடல. ராய்ஸ், எதுக்குக் காசு நீட்டின?

— அது வந்து...

— கடையை மூடி, உள்ள தாழ்ப்பாள் போட்டு, இஸ்திரிச் சட்டை மாட்டிக்கிட்டு, எந்த வேலைக்குக் காசு நீட்டின?

— யார்கிட்டயும் சொல்றதில்லன்னு பேசிக்கிட்டோம். டீச்சர் கடைசி வரைக்கும் சொல்லல. இவர்கிட்டகூட.

— அவ போயிட்டா, ராய்ஸ். சர்ச்சுக்குப் போறேன்னு சொல்லிட்டு என் பொண்டாட்டி வாராவாரம் எங்க போனான்னு தெரியாம நான் எப்படி நிம்மதியா இருப்பேன்? போலீஸ்காரனா கேக்கல. சொல்லுடா.

— வெக்கமா இருக்கு, சார்ஜென்ட்.

— உனக்கே வெக்கம்னா எனக்கு எப்படி இருக்கும்? முப்பத்தாறு வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தியிருக்கேன்!

— நோலி, நீ நினைக்கிற மாதிரி இல்ல. கிறிஸ்துமஸ் அன்னைக்கு என் சாக்ஸுக்குள்ள மிட்டாயோட ஒரு சீட்டு எழுதிப் போடுவியே.

— பேச்சை மாத்தாத.

— மாத்தல. போடுவியா இல்லயா?

— போட்டேன். போட்டுப் போட்டு அலுத்துப் போய், அஞ்சு வருஷம் முன்னாடி நிறுத்திட்டேன். நேர்ல சொல்ல முடியாததையெல்லாம் அதுலதான் எழுதினேன். குழந்தை தங்காம போனப்போ என் மனசுல என்ன இருந்துச்சுன்னுகூட எழுதினேன். நீ என்ன பண்ணுவ? பார்ப்ப, சிரிப்ப, மடிச்சுப் பைக்குள்ள வெச்சுக்கிட்டு விருந்துக்கு இறால் உரிக்கப் போயிடுவ. அன்னைக்கு நீ சிரிச்ச சிரிப்பை நான் இன்னும் மறக்கல. படிச்சுட்டும் வாயத் திறக்காத மனுஷனுக்கு இன்னும் எதுக்கு எழுதணும்?

— படிக்கல, நோலி. எனக்குப் படிக்கத் தெரியாது. கண்ணாடிய மறந்துட்டேன், கண்ணு எரியுதுன்னு சொல்லியே காலத்தை ஓட்டிட்டேன். நீ எழுதினதுல ஒண்ணைக்கூடத் தொலைக்கல. வேற யார் கையிலயும் கொடுத்துப் படிக்கச் சொல்ல மனசு வரல, அதான் தெல்மா டீச்சர் முன்னாடி போய் முதல் எழுத்துலேருந்து உக்காந்தேன்.